ஆரணி ஏரிகளுக்கு வரும் விருந்துப் பறவைகள்: விவசாயிக்கு நன்மையா, சேதமா?

ஐப்பசி மழை பிடித்து, கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்து, ஆரணி வட்டாரத்து ஏரிகளில் தண்ணீர் சேர ஆரம்பித்ததும், அதுவரை கண்ணில் படாத பறவைகள் வந்து இறங்குகின்றன. ஏரியின் நடுவே வாத்துக் கூட்டம் மிதக்கும். சேற்று வயலில் நீண்ட அலகுடைய உள்ளான்கள் ஓடித் திரியும். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பங்குனி கழிந்து வெயில் ஏறியதும் இவற்றில் பெரும்பாலானவை காணாமற் போய்விடும்.

இந்தப் பறவைகளைப் பற்றி விவசாயிகளிடையே நல்லெண்ணம் அதிகமில்லை. "நெல்லைத் தின்ன வந்த கூட்டம்" என்று பட்டாசு வெடித்து விரட்டுவோர் உண்டு. நாற்றங்காலை மிதித்துப் பாழாக்குவதாகக் குறை கூறுவோரும் உண்டு. இந்தக் குறையில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் சேதம் செய்வது ஒரு பறவை, பழி சுமப்பது வேறொரு பறவை என்பதுதான் பல வயல்களில் நடக்கிறது. எந்தப் பறவை வயலில் என்ன தின்கிறது என்று தெரிந்துகொண்டால் பட்டாசுச் செலவும் மிச்சம், பூச்சிமருந்துச் செலவிலும் ஒரு பகுதி மிச்சம்.

வருகையும் பட்டமும்

ஆரணிப் பகுதியில் நெல் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களில் சாகுபடியாகிறது. சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரியில் விருந்துப் பறவைகள் இல்லை. சம்பாப் பயிர் தூர் கட்டும் சமயத்தில் அவை வருகின்றன. சம்பா அறுவடை முடிந்து, நவரை நடவாகி, அதுவும் வளர்ந்து வரும் வரை தங்குகின்றன. அதாவது, குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் பயிரைத் தாக்கும் மாதங்களில் பெரும் பகுதி, இப்பறவைகள் வயலில் இரை தேடும் மாதங்களாகவும் இருக்கிறது.

இவை எங்கிருந்து வருகின்றன? நீலச்சிறகி என்ற சிறிய வாத்து சைபீரியா வரையுள்ள வடநாட்டுச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கும் முன் தெற்கே கிளம்புகிறது. ஊசிவால் வாத்தும், அகப்பை போன்ற அலகுடைய தட்டைவாயன் வாத்தும் அப்படியே. வடக்கே ஆர்க்டிக் கடலோரத்திலிருந்து தெற்கே இந்து மகாசமுத்திரம் வரை நீளும் இந்தப் பாதைக்கு மத்திய ஆசிய வழித்தடம் என்று பெயர். 30 நாடுகள் இதில் அடங்கும். பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடும் முறையால் இந்தப் பாதை தெரியவந்தது. ராஜஸ்தானத்தில் பரத்பூர் ஏரியில் வளையமிட்ட வாத்துகள் பல, பின்னர் சோவியத் நாட்டில் கிடைத்தன.

ஆரணிப் பட்டுச் சேலையின் முந்தானையில் அன்னப்பட்சியைப் பார்க்காதவர் இல்லை. அந்த அன்னம் இமயமலைக்கு மேலே பறந்து வரும் பட்டைத்தலை வாத்துதான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் உள்ள இந்தப் பறவை, திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் வருகிறது. நம் பக்கத்து ஏரியில் அதைக் காண்பவர் அதை அபூர்வக் காட்சி என்றே கொள்ள வேண்டும்.

வேடந்தாங்கல் விவசாயிகள் கண்டது

பறவையும் விவசாயமும் ஒன்றுக்கொன்று உதவும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆரணியிலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், செங்கற்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. அதுவும் ஆயக்கட்டுக்குப் பாயும் ஒரு பாசன ஏரிதான். சுமார் 30 ஹெக்டேர் பரப்பு. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டுகின்றன. பகலில் சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் இரை பிடித்துவிட்டு வந்து கூட்டில் எச்சமிடுகின்றன. எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது. எரு கரைத்த தண்ணீர் தானாகவே பாய்கிறது எனலாம்.

இதை எந்த ஆராய்ச்சி நிலையமும் அந்த விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்ற கௌல் வாங்கினார்கள். அது 1798-ஆம் ஆண்டு. 1858-இல் அந்த உரிமையை மறுபடியும் எழுதி வாங்கினார்கள். நாட்டில் பறவைப் பாதுகாப்புக்குச் சட்டம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. சட்டம் தெரியாத சிறு விவசாயிகள், மகசூல் கணக்கு மட்டும் தெரிந்து செய்த காரியம் இது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

ஆரணியில் சரணாலயம் இல்லை. ஆனால் பல பாசன ஏரிகளின் உட்புறத்தில் சமூகக் காடுகள் திட்டத்தில் வளர்த்த கருவேல மரங்கள் நிற்கின்றன. தண்ணீரில் நிற்கும் கருவேலம், கொக்குக்கும் வக்காவுக்கும் கூடு கட்ட ஏற்றது. மரத்தை ஏலம் விட்டு வெட்டும்போது, கார்த்திகை முதல் பங்குனி வரை கூடு உள்ள மரங்களைத் தொடாமல், தண்ணீர் வற்றிய பிறகு வெட்டும்படி ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டுக்கொள்ளலாம். ஏலத் தொகையில் இதனால் ஒரு காசும் குறையாது.

தானியம் தின்பவை எவை?

கதிர் முற்றும் வயலில் நெல்லைத் தின்பவை தூக்கணாங்குருவி, தினைக்குருவி, கிளி, புறா, மயில் முதலியவை. இவையெல்லாம் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவைகள். ஏரியை ஒட்டிய வயலில் இளந்தூர்களை ஒடித்தும் பிடுங்கியும் போடுவது பெரும்பாலும் நீலத்தாழைக்கோழி. அதுவும் உள்ளூர்ப் பறவைதான். இருட்டில் வந்து சேதம் செய்துவிட்டுக் காலையில் தாழம்புதருக்குள்ளும் சம்புக்குள்ளும் மறைந்துகொள்கிறது. விடிந்ததும் ஏரி நடுவில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்க்கும் விவசாயி, அதன்மேல் பழியைப் போடுகிறார்.

வாத்துகள் முற்றிலும் குற்றமற்றவை என்றும் சொல்வதற்கில்லை. அவை இரவில் வயலில் இறங்கிச் சிந்திய நெல்லையும் களைவிதையையும் பொறுக்குகின்றன. அறுவடையான வயலில் இது நன்மையே. ஆனால் சேற்றில் நேரடியாக முளைவிதை தெளித்த வயலிலோ, புதிதாக விதைத்த நவரை நாற்றங்காலிலோ இறங்கினால் நஷ்டம்தான். விதைத்த முதல் 10 நாள் மட்டும் காவல் போதும். நாற்றங்காலைச் சுற்றிக் குச்சி நட்டு, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டினால் பெரிய பறவைகள் இறங்கத் தயங்கும். அரிவாள்மூக்கனும் கொக்கும் நாற்றை மிதிப்பதையும் இது தடுக்கும்.

வெளியிலிருந்து வரும் பறவைகளில் உண்மையாகவே தானியத்துக்குச் சேதம் செய்வது ஒன்று உண்டு. அது சோளக்குருவி. சூறைக்குருவி என்றும் கூறுவர். மைனா அளவில், உடல் வெளிர் ரோஜா நிறமும் தலையும் இறக்கையும் கறுப்புமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து பறக்கும். சோளமும் கம்பும் பால் பிடிக்கும் சமயத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், சிறு வயலின் கதிர்கள் ஒரு காலைப் பொழுதில் சொட்டையாகிவிடும்.

இதே பறவை மத்திய ஆசியாவில் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வெட்டுக்கிளியைத் தின்றே வாழ்கிறது. சீனாவின் சிங்கியாங் பகுதியில் புல்வெளியை வெட்டுக்கிளி அழிக்காமலிருக்க, இந்தக் குருவி கூடு கட்டுவதற்கென்றே கற்குவியல்களும் செங்கல் கட்டடங்களும் அமைத்துக் கொடுக்கிறார்கள். இங்கேயும் அது வெட்டுக்கிளியையும் புழுக்களையும் தின்னத்தான் செய்கிறது. ஆகையால் அதைக் கொல்ல வேண்டிய அவசியமில்லை. பால் பிடிப்பது முதல் கதிர் முற்றுவது வரை இரண்டு, மூன்று வாரங்கள் மட்டும் விலக்கி வைத்தால் போதும். பளபளக்கும் மினுக்கு நாடாவை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, பயிருக்கு ஒன்றரை அடி உயரத்தில், 5 முதல் 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாகக் கட்டலாம். காற்றில் அது எழுப்பும் ஓசையும் வெயிலில் அடிக்கும் ஒளியும் பறவையை மிரட்டும். கதிர் வரும் முன்பே கட்டிவிட்டால் பறவைக்குப் பழகிப்போய்ப் பயனில்லாமற் போகும். தேவையான நாளில் கட்டி, உடனே அவிழ்ப்பதே முறை.

பூச்சி தின்பவை

மற்ற விருந்தாளிகளில் பெரும்பாலானவை புழு பூச்சியை நம்பி வருபவை. தகைவிலான் நாள் முழுவதும் பறந்துகொண்டே பறக்கும் சிறு பூச்சிகளைப் பிடிக்கிறது. மஞ்சள் வாலாட்டி, டிராக்டரின் கேஜ் வீலுக்குப் பின்னாலேயே நடந்து, சேற்றில் கிளம்பும் பூச்சிகளைப் பொறுக்குகிறது. பொறி உள்ளான், நடவு வயலில் தேங்கிய தண்ணீரில் புழுக்களைத் தேடுகிறது. வேலியிலும் கரும்புத் தோட்டத்திலும் மறைந்து திரியும் நாணல் கதிர்க்குருவி கண்ணுக்கு அகப்படாது. "டக், டக்" என்ற குரல் மட்டும் கேட்கும். இலை இலையாகத் தேடிப் பூச்சி தின்பது அதன் வேலை.

மேட்டு நிலத்தில் மணிலா போட்டிருப்பவர்கள், நிலத்துக்கு மேல் தாழ்வாக, அசைந்தசைந்து மிதப்பது போலப் பறக்கும் மெலிந்த பருந்தைச் சில ஆண்டுகளில் காணலாம். அது பூனைப்பருந்து. கோழிக்குஞ்சைத் தூக்க வந்ததென்று கல்லெறிவது தவறு. வெட்டுக்கிளி, எலி, ஓணான் ஆகியவையே அதன் உணவு. தரிசுப் புல் நிலத்தில் தரையிலேயே இரவு தங்கும் பறவை இது. புல் நிலம் குறையக் குறைய இதுவும் குறைந்து வருகிறது.

நத்தைகுத்தி நாரையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இது கடல் கடந்து வருவதல்ல. மழையையும் தண்ணீரையும் பார்த்து உள்நாட்டிலேயே இடம் மாறுவது. அலகின் இரு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வயல் நத்தையே அதன் பிரதான உணவு. நத்தை மிகுந்த வயலில் இவை பத்து நாள் மேய்ந்தால் வரப்போரங்களில் காலி ஓடுகள் குவிந்து கிடக்கும். நட்டு ஒரு வாரம் ஆகாத பயிரில் நடந்தால் சில நாற்றுகள் சாயும் என்பது வாஸ்தவம். அவற்றைப் போக்கு நாற்றால் நிரப்பிக்கொள்ளலாம்.

விஷம் எப்படிச் சேருகிறது?

மருந்து தெளித்த வயலில் புழு உடனே சாவதில்லை. துடித்துக்கொண்டும் மயங்கியும் இலைமேல் கிடக்கும். பறவைக்கு அது எளிதில் கிடைக்கும் இரை. ஆகவே மருந்தடித்த இரண்டு மூன்று நாளில்தான் அந்த வயலுக்குப் பறவைகள் அதிகமாக வருகின்றன. தின்ற பறவை வயலிலேயே விழுவதில்லை. பறந்துபோய் ஏரிக்கரையிலோ முள் காட்டிலோ விழுகிறது. அதனால் விவசாயியின் கண்ணுக்கு அது தெரிவதேயில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்து, சுமார் 10,000 கிலோமீட்டர் பறந்து ஆர்ஜென்டினாவுக்கு வரும் ஸ்வைன்சன் பருந்துகள், அங்குள்ள வயல்களில் வெட்டுக்கிளியைத் தின்று வாழ்பவை. 1995-96-இல் வெட்டுக்கிளியைக் கொல்ல விவசாயிகள் மானோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். அதைத் தின்ற பருந்துகள் ஆயிரக்கணக்கில் மரத்தடிகளில் செத்துக் கிடந்தன. 20,000 வரை மடிந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. யாரும் பருந்தைக் கொல்ல நினைக்கவில்லை; வெட்டுக்கிளிக்கு வைத்த மருந்து, வெட்டுக்கிளியைப் பிடிக்க வந்த பருந்தைக் கொன்றது. அந்தப் பகுதியில் மருந்தின் உபயோகத்தை நிறுத்தியதும் சாவு பெருமளவில் குறைந்துவிட்டது.

அதே மானோகுரோட்டோபாஸ் நம் கடைகளிலும் பல காலம் தாராளமாக விற்றது. காய்கறிப் பயிர்களில் அதை உபயோகிக்க 2005-இல் தடை வந்தது. 36 சதவீதக் கரைசலை நிறுத்தும் ஆணை 2023-இல் வந்தது. ஃபோரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனாலும் மாட்டுக்கொட்டகைப் பரண்மேல் பழைய பாக்கெட் கிடக்கக்கூடும். அதைத் தீர்ப்பதற்காக வயலில் போடுவது கூடாது.

குருணை மருந்தை விதையென்றோ, இரைப்பைக்கு வேண்டிய சிறு கல்லென்றோ எண்ணிப் பறவைகள் பொறுக்குகின்றன. கார்போஃபியூரான் குருணை ஒன்றே ஒன்று, ஒரு சிறு குருவியைக் கொல்லப் போதுமானது. சிபாரிசு செய்யப்பட்ட குருணை எதுவானாலும் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சிந்தியதைக் கூட்டி மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையை வரப்பின்மேல் தூவாமல் வளைக்குள் வைத்து அடைக்க வேண்டும். மிஞ்சியதை விடியுமுன் எடுத்துப் புதைத்துவிட வேண்டும். நெல்லில் விஷம் கலந்து கொக்கும் உள்ளானும் பிடித்து விற்போர் சிலர் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். அந்தக் கறியை வாங்கிச் சமைப்பவர் வீட்டுக்கும் விஷம் போகும் என்பதை மறக்கலாகாது.

மருந்தே அடிக்கக் கூடாதா என்று கேட்கலாம். அப்படியல்ல. பூச்சி ஒன்றிரண்டு தென்பட்டதும் அடிப்பதுதான் வீண். தூர் கட்டும் பருவத்தில் குருத்துப்பூச்சியால் காய்ந்த நடுக்குருத்து 10 சதவீதத்தை எட்டும்போது, அல்லது இலைச்சுருட்டுப் புழுவால் 10 சதவீத இலைகள் சேதமாகும்போது மருந்து தேவை. புகையானுக்குத் தூருக்கு ஒரு பூச்சி என்பது கணக்கு. சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். அதற்குக் கீழே இருக்கும்வரை சிலந்தியும் தட்டானும் பறவையும் பார்த்துக்கொள்ளும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்கு அடித்துப் புகையானைப் பெருக்கிக்கொண்ட விவசாயிகள் பலர். இதை அனுபவத்தில் அவர்களே கூறுவார்கள்.

பறவைக்கு உட்கார இடம்

நெல் வயலின் நடுவில் கரிச்சானுக்கும் பனங்காடைக்கும் கீச்சானுக்கும் உட்கார இடமில்லை. உட்கார்ந்து பார்த்துப் பாய்ந்து பிடிப்பது இவற்றின் வழக்கம். நடவு முடிந்ததும் ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் குச்சி நட வேண்டும். சவுக்கு, மூங்கில் எதுவானாலும் சரி. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும், செலவேயில்லை. பயிரைவிட ஓரடி உயரம் இருக்க வேண்டும். இரவில் இதே குச்சியில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். கூகை கத்தினால் ஆகாது என்ற பேச்சை நம்பி அதை விரட்டுபவர், எலிக்குத் துணை செய்கிறார். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கு அவையே இருக்கையாகிவிடும்.

வீட்டுக்குள் விழும் பறவை

புரட்டாசி, ஐப்பசியில் விடிகாலையில் சில வீட்டுத் திண்ணையிலோ தறிக்கூடத்திலோ பச்சை, நீலம், சிவப்பு எனப் பல நிறங்களுடன் குட்டை வாலுள்ள ஒரு பறவை களைத்து விழுந்து கிடக்கும். அபூர்வமான வெளிநாட்டுப் பறவை என்று ஊரே கூடும். இது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருவது. விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரில் மோதி விழுகிறது. காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சு அடைத்துவிடும். மாலையில் புதர் அடர்ந்த தோட்டத்தில் விட்டுவிடலாம். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏரியில் ஒரே சமயத்தில் பல பறவைகள் செத்து மிதந்தால் கையால் தொடக்கூடாது. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் கொடுத்து, வீட்டுக் கோழிகளையும் வாத்துகளையும் அந்த ஏரிப் பக்கம் விடாமல் அடைத்து வைக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அவரவர் வயலிலும் ஏரியிலும் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதினால் போதும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது கடினமில்லை. எந்தத் தேதியில் முதல் தகைவிலான் வந்தது, எந்தத் தேதியில் வாத்துக் கூட்டம் கிளம்பியது என்று பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைப்பவருக்கு, அடுத்த ஆண்டு நாற்றங்கால் காவலுக்கு நாள் பார்க்க அந்தக் குறிப்பே உதவும்.

காலில் வளையம் மாட்டிய பறவை உயிரோடோ, செத்தோ கிடைத்தால், அதன் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு, கண்ட தேதி, ஊர், ஏரியின் பெயர் ஆகியவற்றுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ தெரிவிக்கலாம். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றக் கூடாது. எண்ணைப் படித்துவிட்டுப் பறவையைப் பறக்க விட்டுவிட வேண்டும்.